நான்சி ட்ரூவின் 33ஆவது விளையாட்டு: நான்கரை ஆண்டு காத்திருந்தது இதற்குத்தானா?

கேள்வி: 2019 டிசம்பர் 6

நான்சி ட்ரூ என்ற இளம் துப்பறிவாளரை வைத்து வரும் கணினி விளையாட்டு வரிசையில் 33ஆவதாக 'மிட்நைட் இன் சேலம்' வெளிவந்து மூன்று நாள் ஆகிறது. எங்கே பார்த்தாலும் பழைய ரசிகர்களின் ஒப்பாரி. எனக்கென்னவோ இவர்கள் விளையாட்டைக் குறை சொல்லவில்லை, தங்கள் பத்து வயதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. முழுதாக ஆடி முடித்தவர் யாராவது நிதானமாகச் சொல்லுங்கள். உண்மையில் என்ன குறை? வாங்கலாமா, வேண்டாமா?

பதில்: டிசம்பர் 6, இரவு

வாங்க வேண்டாம். ஆசை இருந்தால் விலை குறையும்வரை பொறுங்கள்.

நேற்று இரவுதான் முடித்தேன். முதலில் குரல். 1998இல் வந்த முதல் விளையாட்டிலிருந்து 2015இல் வந்த 'சீ ஆஃப் டார்க்னஸ்' வரை 32 விளையாட்டுகளிலும் நான்சியாகப் பேசியவர் லானி மினெல்லா. இதில் வேறொருவர் பேசுகிறார். முதல் வசனம் காதில் விழுந்ததுமே வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்ட கூச்சம் வந்தது. அடுத்து முகங்கள். பேச்சுக்கும் உதட்டுக்கும் தொடர்பே இல்லை. தெருவில் நடந்தால் படம் திக்கித் திக்கி நகர்கிறது. புதிர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்று மாலைகளில் கதை முடிந்தது.

'சீ ஆஃப் டார்க்னஸ்' முடியும்போதே அடுத்தது சேலம் என்று காட்டிவிட்டார்கள். அது 2015 மே மாதம். அதுவரை பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு விளையாட்டுகள் வந்துகொண்டிருந்தன. அப்படிப் பழகியவர்கள் நான்கரை ஆண்டு காத்திருந்தோம். கோபம் வராதா?

டிசம்பர் 7, காலை

"தங்கள் பத்து வயதைத் தேடுகிறார்கள்" என்ற உங்கள் வரி இரவு முழுவதும் உறுத்தியது. உண்மையாக இருக்குமோ என்று பயந்து, தூக்கத்தை விட்டு 'கர்ஸ் ஆஃப் பிளாக்மூர் மேன'ரை மீண்டும் எடுத்து ஆடினேன். 2004இல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகை. புதிதாக மணமாகி வந்த லிண்டா கட்டில் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முகம் காட்ட மறுக்கிறாள். குடும்பத்துக்குச் சாபம் என்று பேச்சு.

படம் பழையதுதான். ஒவ்வோர் அடிக்கும் ஒரு நிலைப்படம், அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த படம். ஆனால் பத்தே நிமிடத்தில் என் தோள்கள் இறுகிவிட்டன. மாளிகைச் சுவருக்குள் இருட்டு வழிகள் இருக்கின்றன. ஒளிக்குச்சி கையில் இல்லாமல் அங்கே நடக்க முடியாது. உள்ளே போனால் அறைகளே நகர்கின்றன. எந்த அறை எங்கே போய் நிற்கும் என்று ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டே போனால்தான் வெளியே வரலாம். நேற்று இரவும் காகிதம் எடுத்தேன். வழி எனக்கு மறந்துபோயிருந்தது, ஆகவே நினைவின் உதவியால் ரசித்தேன் என்று சொல்ல முடியாது. மாளிகை இன்னமும் வேலை செய்கிறது.

சேலத்தில் ஒரு முறைகூட நான் பேனாவை எடுக்கவில்லை. விளையாட்டுக்கென்று புதுக் குறிப்பேடு வாங்கி வைத்திருந்தேன். அட்டையில் 'சேலம், 1' என்று எழுதியதோடு சரி.

டிசம்பர் 7, காலை (சிறு விளக்கம்)

மாம்பழத்துக்குப் பேர்போன நம் சேலம் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

டிசம்பர் 7, மாலை

யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளுக்கு மாறியதுதான் காரணம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. முன்பு ஓர் அறையைப் பத்துப் பதினைந்து கோணங்களில் வரைந்து வைத்தால் போதும். அந்தப் பத்துப் படத்துக்கும் ஓவியர் உயிரைக் கொடுக்கலாம். மேசை விரிப்பின் மடிப்பு, மெழுகுவர்த்தியில் வழிந்த மெழுகு வரை. இப்போது எல்லாவற்றையும் முப்பரிமாணமாகத் திறந்துவிட்டார்கள். ஆடுகிறவர் எங்கே நின்று எதைப் பார்ப்பார் என்று யாருக்கும் தெரியாது, எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். சிறிய குழுவுக்கு அது மலை போன்ற வேலை. அந்தச் சிரமம் எனக்குப் புரிகிறது.

ஆனால் பேச்சு நீண்டுபோனதற்கும் புதிர் குறைந்துபோனதற்கும் மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. அவை எழுதும் மேசையில் எடுத்த முடிவுகள்.

டிசம்பர் 8

முதல் குறிப்பில் குரலைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்று இரண்டாம் முறை ஆடத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் புதிய குரல் பழகிவிட்டது. அவர் நன்றாகவே நடித்திருக்கிறார். யாருடைய இடத்தில் வந்து நிற்கிறோம் என்று தெரிந்தே அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றிருப்பார், அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! சிலர் அவரை எழுதியே துரத்துகிறார்கள். அது அநியாயம். நான் முதல் வரியிலேயே குரலைப் பிடித்துக்கொண்டது, உண்மையான காரணத்தை யோசிக்கச் சோம்பல்பட்டதால்தான்.

பதினேழு ஆண்டு கேட்ட குரல் போனால் வருத்தம் இருக்கும். அது வருத்தம், குறை இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டியது என் தவறு.

டிசம்பர் 9

கேட்டவருக்கு: நான்சிக்குப் பொருத்தம் அவள் காதலன் நெட்டா, துப்பறியும் ஹார்டி சகோதரர்களில் மூத்தவன் ஃபிராங்கா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் இத்தனை விளையாட்டுகளில் நள்ளிரவு நேரங்களில் தொலைபேசியை எடுத்து, சலிக்காமல் யோசனை சொன்னவன் நெட். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

டிசம்பர் 10

இப்போது என் மனக்குறையைச் சரியாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளும்.

கதை இது. சேலத்தில் ஹாதோர்ன் குடும்பத்துப் பழைய வீடு எரிந்துபோகிறது. தீ வைத்தது மெய் என்ற பதின்வயதுப் பெண்தான் என்று ஊர் பேசுகிறது. நான்சி போகிறாள், ஹார்டி சகோதரர்களும் உடன் இருக்கிறார்கள்.

ஊரைப் பாருங்கள். 1692இல் 20 பேரைச் சூனியக்காரர்கள் என்று சொல்லி எரித்த ஊர் அது. ஜான் ஹாதோர்ன் கற்பனைப் பெயர் இல்லை, அந்த வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரித்த நீதிபதி. அந்த நீதிமன்றம் எதைச் சாட்சியமாக ஏற்றது தெரியுமா? "இவளுடைய ஆவி உருவம் இரவில் வந்து என்னைக் கிள்ளியது" என்று ஒருவர் சொன்னால் போதும். அந்த இரவில் அவள் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பயனில்லை, வந்தது உருவம்தானே! சாட்டியவருக்கு மட்டுமே தெரிந்த சாட்சியம். மறுக்க வழியே இல்லாத சாட்சியம். சாரா குட் என்ற ஏழைப் பெண்ணைப் பிடித்தார்கள், பிறகு அவளுடைய நான்கைந்து வயது மகளையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 150க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். கடைசியில் 1692 அக்டோபரில் ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டு வந்த புதிய நீதிமன்றம் ஆவி உருவச் சாட்சியத்தை ஒதுக்கியது. ஒதுக்கியதும் என்ன ஆயிற்று? பெரும்பாலோர் விடுதலையானார்கள். அத்தனை வழக்குகளும் அந்த ஒற்றைத் தூணில்தான் நின்றிருந்தன.

துப்பறியும் விளையாட்டுக்கு உலகத்தில் இதைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? சாட்சியம் என்றால் என்ன என்ற கேள்வியே அந்த ஊரின் வரலாறு. மீண்டும் ஒரு பெண், மீண்டும் வதந்தி, மீண்டும் ஹாதோர்ன் என்ற பெயர். அந்தப் பெண்ணின் பெயரை நம் எழுத்தில் எழுதினால் 'மெய்' என்று வருவதைப் பார்த்து எனக்குச் சிலிர்த்தது. எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, நமக்கு மட்டும் கிடைத்த வரம்.

நான் எதிர்பார்த்தது எளிமையானது. யாரோ ஒருவர் ஏதோ சொல்வார், அதை நான் சோதிக்க வேண்டும். நேரம் ஒத்துப்போகிறதா, அங்கிருந்து பார்த்தால் அந்தச் சன்னல் தெரியுமா, தீ எந்தப் பக்கத்திலிருந்து பரவியது. பொய்ச் சாட்சியத்தை என் கையால் உடைக்க வேண்டும். 1692இல் யாரும் செய்யாததை நான் செய்ய வேண்டும்.

கிடைத்தது என்ன? ஒருவரிடம் போகிறேன், அவர் பேசுகிறார். இன்னொருவரிடம் போகிறேன், அவரும் பேசுகிறார். முதலாமவர் சொன்னதை இரண்டாமவரிடம் சொல்கிறேன், அவர் இன்னும் நீளமாகப் பேசுகிறார். பேச்சைக் கேட்டு முடித்தால் கதை தானே நகர்கிறது. சொன்னதை நம்பினேன், அடுத்த காட்சி வந்தது. அந்தப் பழைய நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் இதைத்தானே செய்தார்கள்?

எனக்கு வலித்த இடம் இதுதான்.

டிசம்பர் 11

திருத்தம். நேற்று வேகத்தில் '20 பேரை எரித்த ஊர்' என்று எழுதிவிட்டேன். தவறு. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் ஐவர் ஆண்கள். இருபதாமவர் ஜைல்ஸ் கோரி என்ற முதியவர். குற்றவாளியா இல்லையா என்று பதில் சொல்லவே மறுத்ததால், அவர்மேல் பாரமான கற்களை ஏற்றி நசுக்கினார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. சாட்சியத்தைப் பற்றி அவ்வளவு பேசிவிட்டு நானே கேள்விப்பட்டதை அப்படியே எழுதியிருக்கக் கூடாது.

வீடு எரிந்த கதையில் மூழ்கியிருந்ததால் எரித்தார்கள் என்று கை போய்விட்டது போலும்.

டிசம்பர் 11, இரவு

'அலிபை இன் ஆஷஸ்' நினைவிருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டது நல்லதாயிற்று. 2011இல் வந்த 25ஆவது விளையாட்டு. அதிலும் தீதான். நான்சியின் சொந்த ஊரான ரிவர் ஹைட்ஸில் நகர மன்றம் எரிகிறது, பழி நான்சிமேலேயே விழுகிறது. அவள் காவலில் இருக்க, தோழிகள் பெஸ்ஸும் ஜார்ஜும், நெட்டும் ஊருக்குள் அலைந்து துப்புத் தேடுகிறார்கள். ஒவ்வொரு கடைக்காரரும் யாருக்குக் கதவைத் திறப்பார், யாருக்கு முகத்தைத் திருப்புவார் என்று பார்த்து ஆளை மாற்றி அனுப்ப வேண்டும். ஊர் ஒரு பெண்ணைக் கைவிடுவது எப்படியிருக்கும் என்று அந்த விளையாட்டில் என் உடம்புக்கே தெரிந்தது. அங்கே பழைய பொருள் கடை வைத்திருக்கும் அலெக்சி என்ற மனிதரும் சிறு வயதில் துப்பறிந்து பேர் வாங்கியவர், பொய்ப் பழியால் எல்லாவற்றையும் இழந்தவர். அவர் நான்சியைப் பார்க்கும் பார்வையில் இருக்கும் கசப்பை இன்னும் மறக்கவில்லை.

அதே நிறுவனம்தான் எட்டு ஆண்டு முன்பு இதைச் செய்தது. முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது.

டிசம்பர் 12

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழையவை எல்லாமே தங்கம் இல்லை. 2006இல் வந்த 'கிரியேச்சர் ஆஃப் கபு கேவ்' ஹவாயில் நடக்கும். மீன் பிடித்து, சிப்பி மாலை கோத்து, மீண்டும் மீன் பிடித்து, கதை எங்கே என்று தேடுவதற்குள் முடிந்துவிடும். பழைய விளையாட்டுகளிலும் குற்றவாளியை நாமே சுட்டிக்காட்டிய இடங்கள் குறைவு, பெரும்பாலும் கடைசியில் அவரே வெளிப்படுவார். ஆகவே 10ஆம் தேதி நான் கேட்டது வரிசை முழுவதும் வழங்கிய ஒன்று என்று சாதிக்க மாட்டேன். சேலம் என்ற பெயரைக் கேட்டதும் நான் கட்டிக்கொண்ட கோட்டை அது.

ஆனாலும் பழையவற்றில் கைக்கு வேலை இருந்தது. 'சீக்ரெட் ஆஃப் ஷேடோ ராஞ்ச்' அரிசோனாப் பண்ணையில் நடக்கும். கோழிக்கூட்டில் முட்டை எடுக்க வேண்டும், தோட்டத்தில் பழுத்த காய்களை மட்டும் பறிக்க வேண்டும், குதிரைக்குச் சேணம் கட்ட வேண்டும். துப்பறிய வந்தவளுக்கு எதற்கு முட்டை என்று அப்போது எரிச்சல்பட்டவள்தான் நான். இப்போது புரிகிறது. அந்த வேலைகள் இருந்ததால்தான் அந்தப் பண்ணையில் நாலு நாள் தங்கிய நினைவு இருக்கிறது. சேலத்தில் தங்கிய நினைவே இல்லை, யாரோ வண்டியில் வைத்துச் சுற்றிக் காட்டிய ஊர் அது.

டிசம்பர் 14

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நான்சி ட்ரூ மூன்று பேர் ஆடிய விளையாட்டு. 2005இல் கனடாவின் ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாம் மாடி. நூலகத்தில் அக்கா இரவல் எடுத்து வந்த குறுவட்டு. சுட்டி அக்காவின் கையில், குறிப்பேடு என் மடியில், எங்களுக்குப் பின்னால் முக்காலியில் அம்மா. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. யார் யாரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நாங்கள் அவ்வப்போது சொல்வோம், அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. ஓர் அறைக்குள் நுழைந்ததும் எங்களுக்கு முன்பே அவர் கண்ணில் பட்டுவிடும். "அந்தப் படம் கோணலாகத் தொங்குகிறது, பார்." "அந்த மரப்பலகை மட்டும் புதிது." இருபது ஆண்டு தையல் வேலை செய்தவர், இழை மாறினால் கண் அங்கே போய் நிற்கும்.

2010இல் 'ஷேடோ அட் த வாட்டர்ஸ் எட்ஜ்' வந்தது. கியோட்டோவில் ஒரு பாரம்பரிய விடுதி, குளியல் குளத்தில் மூழ்கி இறந்த பெண்ணின் ஆவி. அதில் எண்களைப் பார்த்துக் கட்டங்களைக் கறுப்பாக்கிப் படம் வரவழைக்கும் புதிர்கள் உண்டு. நானும் அக்காவும் விழித்தோம். அம்மா முன்னால் குனிந்து, "இது குறுக்குத் தையல் கணக்கு, மூன்று நிரப்பி ஒன்று விடு" என்றார். அன்றிலிருந்து கட்டப் புதிர் வந்தால் சுட்டி அம்மாவின் கைக்குப் போகும். சுடோகு வந்தால் நாங்கள் இருவரும் தேநீர் போடப் போய்விடலாம். மதிய உணவுப் பெட்டியில் சாப்பாட்டை ஒழுங்காக அடுக்கும் ஒரு வேலையும் உண்டு. அதை அம்மா எங்களுக்குத் தரவே மாட்டார்.

இந்த டிசம்பர் 3 அன்று அக்காவை வரச் சொல்லியிருந்தேன். அம்மா முக்காலிக்குப் பதில் நாற்காலியில், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. விளையாட்டு தொடங்கியது. ஒருவர் பேசினார். இன்னொருவர் பேசினார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். "இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று அம்மா கேட்டார். "இன்னும் பேசுகிறார்கள் அம்மா" என்றேன். இருபது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பிறகு, "நீங்கள் பாருங்கள், அடுப்பில் பருப்பு இருக்கிறது" என்று எழுந்து போனார். அடுப்பில் பருப்பு இல்லை.

உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். நான் என் பத்து வயதைத் தேடவில்லை. ஆங்கிலமே தெரியாதவரைக்கூட உள்ளே அழைத்து வேலை கொடுத்த வீடு அது. அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.

டிசம்பர் 15

அம்மாவுக்கு வணக்கம் சொன்ன அனைவருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன். "பருப்பு விஷயத்தை ஏன் எழுதினாய்?" என்று கோபித்துக்கொண்டார்.

2020 பிப்ரவரி 2

திருத்தப் பதிப்புகள் வந்திருக்கின்றன, இப்போது பரவாயில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். மூன்றாம் முறையாக ஆடினேன். முன்பைவிடச் சீராக ஓடுகிறது. இரவு நேரத் தெருக்களில் பூசணி விளக்குகளைப் பார்த்து நின்றேன், அழகாக இருக்கிறது. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பேச்சு குறையவில்லை.

2020 ஏப்ரல் 19

ஊரடங்கு. அக்கா பிராம்ப்டனில், நாங்கள் இங்கே. திரையைப் பகிர்ந்துகொண்டு கியோட்டோ விளையாட்டை மீண்டும் ஆடுகிறோம். அம்மா தொலைபேசியில் அக்காவுக்குச் சொல்லித் தருகிறார்: "ஐந்தாம் வரிசையில் இரண்டு, இரண்டு, ஒன்று." அக்கா பேய் வரும் இடத்தில் இப்போதும் அலறுகிறாள்.

பிளாக்மூர் மாளிகையில் வரும் நைஜல் முகர்ஜியைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம்! அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் நானும் அக்காவும் துள்ளிக் குதித்தோம். ஆங்கிலப் பிரபுவின் மாளிகையில் உட்கார்ந்து புத்தகம் எழுதும் ஒருவருக்கு முகர்ஜி என்று பெயர். வங்காளப் பெயர், நம் பெயர்கூட இல்லை. அன்றைக்கு அதுவே பெரிதாக இருந்தது. அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்று அக்கா வேண்டிக்கொண்டே ஆடினாள்.

2022 ஆகஸ்ட் 6

பழைய இழையைத் தூசு தட்டுகிறேன், காரணம் இருக்கிறது.

1692-93 வழக்குகளில் மரண தண்டனை பெற்றவர்களில் எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணும் ஒருவர். அவரைத் தூக்கிலிடவில்லை, உயிரோடு தப்பினார். மற்றவர்களின் பெயர்கள் பின்னாளில் குற்றமற்றவை என்று அறிவிக்கப்பட்டன, இவருடைய பெயர் மட்டும் விடுபட்டுப்போயிற்று. அந்தப் பெயருக்காக விடாமல் போராடியவர்கள் வடக்கு ஆண்டோவர் என்ற ஊரின் எட்டாம் வகுப்பு மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியரும். பழைய ஆவணங்களைத் தோண்டி, சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்து, மசோதா கொண்டுவர வைத்தார்கள். போன மாதம் அவர் பெயரிலிருந்த களங்கத்தை மாநிலம் நீக்கியது. 329 ஆண்டுகள் கழித்து.

செய்தியைப் படித்ததும் அழுதுவிட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரு பட்டியலை எடுத்து வைத்து, இந்தப் பெயர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். நான் சேலத்தில் செய்ய ஏங்கியது இதுதான்! ஒரு பட்டியல், அதில் ஒரு விடுபட்ட பெயர், அதைக் கவனிக்கிற ஒரு கண். இதற்கு யூனிட்டியும் வேண்டாம், உதட்டசைவும் வேண்டாம், நிலைப்படங்களே போதும்.

அம்மாவிடம் சொன்னேன். "இழை விட்டுப்போனால் தெரியும்" என்றார்.

2024 மே 12

34ஆவது வந்துவிட்டது. 'மிஸ்டரி ஆஃப் த செவன் கீஸ்', கதை பிராக் நகரத்தில். முதலில் கேள்வி கேட்டவர் இன்னும் இங்கே இருக்கிறார் போலும், "இதையாவது வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் வாங்கப் போகிறேன். திட்டுவதும் காத்திருப்பதும் ஒரே மனதிலிருந்துதான் வருகின்றன. ஆனால் இந்த முறை தனியாகத் தொடங்கமாட்டேன். அக்கா மகளுக்கு ஒன்பது வயது, அடுத்த சனிக்கிழமை வருகிறாள். அவள் உட்கார்ந்து என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

2024 மே 19

பிராக் இன்னும் தொடங்கவில்லை. வந்தவள் அலமாரியில் இருந்த பழைய குறிப்பேட்டை எடுத்துவிட்டாள். பிளாக்மூர் வரைபடம், பதினான்கு பக்கம், என் சிறுவயதுக் கையெழுத்து. இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். இதைத்தான் முதலில் ஆட வேண்டும் என்று பிடிவாதம்.

ஆகவே நேற்று மாலை சுட்டி அவள் கையில், குறிப்பேடு அக்காவின் மடியில், அம்மா நாற்காலியில். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வழியின் ஓரமாக அம்மாவின் எழுத்து இருந்தது, நான் மறந்தே போயிருந்தேன்: "இந்தப் பக்கம் போகாதே, சுவர்." அக்கா அதை உரக்கப் படித்தாள். குழந்தை பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நிஜமாகவே சுவர்தானா?"

"நீயே போய்த் தட்டிப் பார்" என்றார் அம்மா.